பிசியை நாமே பூட்டலாமா, ரெடிமேடாக வாங்கலாமா? (பிளெண்டர், வீடியோ எடிட்டிங் வேலைக்கு)

கரும்பலகை

எல்லோருக்கும் வணக்கம். நான் இயற்பியல் ஆசிரியர். மாணவர்களுக்காகப் பாட வீடியோ செய்கிறேன். போனில் எடுத்த காட்சிகளை டாவின்சி ரிசால்வில் வெட்டிச் சேர்ப்பேன். அலைகள், மின்காந்தப் புலம் போன்றவற்றை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அனிமேஷனாக்குவேன். இரண்டாவது வேலைதான் சிஸ்டத்தைத் திணறடிக்கிறது.

இப்போது இருப்பது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பிராண்டட் டவர். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்தப் பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலிலும் இல்லை. புதிதாக வாங்கும் முன் ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டுச் சமாளிக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 8 பின் வயர் எஸ்எம்பிஎஸ்-இல் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி) இல்லவே இல்லை. சரி, எஸ்எம்பிஎஸ்-ஐயே மாற்றிவிடலாம் என்று பார்த்தால் மதர்போர்டில் 24 பின் சாக்கெட்டும் இல்லை, அந்தக் கம்பெனிக்கே உரிய ஏதோ 6 பின் இணைப்பு இருக்கிறது. மின்சாரப் பாடம் நடத்துகிற எனக்கே அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது முழுதாக மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. உடன் வேலை பார்ப்பவர்கள் நீங்களே அசெம்பிள் செய்யுங்கள் என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் நல்ல பிராண்டில் வாங்கி நிம்மதியாக இரு என்கிறார்கள். நான் இதுவரை பிசி பூட்டியதில்லை. ஆய்வகத்தில் சால்டரிங் செய்வேன், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். அது போதுமா? இந்த வேலைக்கு எது சரி? பல வருடம் ஓட வேண்டும்.

சர்வர்அறை

சார், நான் ரெடிமேட் பக்கம். ஒரு அலுவலகத்துல நூத்துக்கணக்கான மெஷினைப் பார்த்துக்கிறதுதான் என் வேலை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாங்குற அன்னைக்குத் தெரியாது, கெட்டுப்போற அன்னைக்குத்தான் தெரியும். பிராண்டட்னா பின்னாடி ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரைச் சொன்னாப் போதும். ஆன்சைட் வாரண்டி எடுத்திருந்தா ஆளே வந்து பாகத்தை மாத்திட்டுப் போயிடுவார். அசெம்பிள்டுல ரேமுக்கு ஒருத்தர், போர்டுக்கு ஒருத்தர், எஸ்எம்பிஎஸ்-க்கு இன்னொருத்தர். டிஸ்பிளே வரலைன்னா எது போச்சுன்னு கண்டுபிடிக்கிறதே உங்க வேலையாயிடும். மாத்திப் போட்டுப் பார்க்க இன்னொரு ரேம், இன்னொரு எஸ்எம்பிஎஸ் வீட்டுல யார்கிட்ட இருக்கு?

விலையும் இப்போ அசெம்பிள் பக்கம் சாயலை. 2025 கடைசியில ரேம் விலை கடுமையா ஏறுச்சு. மெமரி சிப் எல்லாம் ஏஐ டேட்டா சென்டருக்குப் போகுது. மெமரி செய்யுற மைக்ரான் கம்பெனி, தன்னோட குரூஷியல் பிராண்டு நுகர்வோர் வியாபாரத்தையே விட்டுடுறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சாங்க. பெரிய கம்பெனிங்க முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு மொத்தமா வாங்குறவங்க, அதனால அந்த அடி அவங்களுக்கு மெதுவாத்தான் விழும். 2021 தட்டுப்பாட்டுல கூட கிராபிக்ஸ் கார்டு தனியா கிடைக்காம, அந்தக் கார்டுக்காகவே முழு சிஸ்டம் வாங்கினவங்க நிறைய பேர்.

மூணு வருஷ வாரண்டியோட ஒண்ணு வாங்கிப் போட்டுட்டுப் பாடத்தைப் பாருங்க சார்.

திருப்புளி

சர்வர்அறை சொன்னதில் இரண்டு விஷயங்களை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பழுது எங்கே என்று தேடும் பாரம் பூட்டியவருக்குத்தான். ரேம் விலையைப் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் சார், உங்கள் கேள்விக்கு விடை அந்தப் பழைய டவருக்குள்ளேயே இருக்கிறது. அதில் கார்டு போடப் போனபோது பிராசசரோ ரேமோ உங்களை மடக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்ற முடியாத இடத்தில்தான் நின்றுபோனீர்கள். அதனால் யார் பூட்டியது என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். உள்ளே இருப்பவை பொதுத் தரத்துப் பாகங்களா, ஒரு கம்பெனிக்கு மட்டுமே பொருந்துபவையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான் பல வருடமாகச் சிஸ்டம் பூட்டிக் கொடுக்கிறேன், பழுதும் பார்க்கிறேன். என்னிடம் வரும் பழைய மெஷின்களில் காப்பாற்ற முடிந்தவற்றுக்கும் முடியாதவற்றுக்கும் நடுவே இந்த ஒரு கோடுதான் இருக்கிறது. இன்டெல் 1995-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை இன்னும் உயிரோடு இருக்கிறது. போர்டு 305 x 244 மில்லிமீட்டர், திருகுத் துளைகள் இந்த இந்த இடத்தில், பின்பக்கப் போர்ட்டுகள் இந்தச் சட்டத்துக்குள் என்று அது வகுத்து வைத்திருக்கிறது. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 x 244, மினி ஐடிஎக்ஸ் 170 x 170. சின்ன போர்டுகளும் அதே துளைகளில் சிலவற்றையே பயன்படுத்துவதால் பெரிய கேபினெட்டில் அப்படியே உட்காரும். நான் பழைய கேபினெட்டில் புதுத் தலைமுறை போர்டு பூட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை. ஒரு பொருளை இத்தனை காலம் தூக்கிப் போடாமல் வைத்திருக்க முடிகிறது என்பதே எனக்கு இந்த வேலையில் பெரிய சந்தோஷம்.

சில பிராண்டட் டவர்களில் இந்தத் தரம் பின்பற்றப்படுவதில்லை. போர்டின் வடிவம் வேறு, முன்பக்க பவர் பட்டன் வயர் வேறு, கூலர் திருகும் கேபினெட் தகட்டிலேயே இறங்கும். எஸ்எம்பிஎஸ்-ஐ அன்றைய தேவைக்கு மட்டும் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். வாரண்டி இருக்கும்வரை இதெல்லாம் உறுத்தாது. நான்காம் வருடம் ஒரு போர்டு போனால் அதே போர்டைத் தேடி அலைய வேண்டும். கிடைக்காவிட்டால் நல்ல கேபினெட், நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாமே அதோடு வீண்.

ஆக, ரெடிமேட் வாங்கினால் தவறில்லை. வாங்கும் முன் உள்ளே இருப்பவற்றின் பெயரை வாங்கிவிடுங்கள். "16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி" என்ற விளம்பர வரி எதற்கும் பயன்படாது. போர்டின் மாடல் என்ன, எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை வாட், ரேம் ஒரே குச்சியா இரண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மூடியைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பொதுச் சந்தைப் பாகங்களைக் கொண்டு பூட்டி விற்பவர்கள் இதைத் தயங்காமல் தருவார்கள், ஏனென்றால் அந்தப் பெயர்கள்தான் அவர்கள் பெருமை. பெயர் சொல்ல மாட்டேன் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், மற்ற எல்லாப் பாகத்தின் உயிரும் அதன் கையில் இருப்பதால். பெட்டியில் ஒட்டியிருக்கும் 80 பிளஸ் முத்திரை சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும் சொல்லும். 115 வோல்ட் அளவீட்டில் பாதிப் பளுவில் பிரான்ஸ் (வெண்கலம்) என்றால் 85 சதவீதம், கோல்டு என்றால் 90. ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் எத்தனை காலம் தாங்கும் என்பதெல்லாம் அந்த முத்திரையில் வராது. நான் பார்ப்பது தயாரிப்பாளர் கொடுக்கும் வாரண்டியை. நல்ல எஸ்எம்பிஎஸ்-களுக்கு 7 வருடம், 10 வருடம் என்று கொடுக்கிறார்கள். அத்தனை காலம் பொறுப்பேற்பவர் உள்ளே மலிவுச் சரக்கு வைக்கத் துணிய மாட்டார். மாடுலர் வகை (வயர்களைத் தனியே கழற்றக்கூடியது) வாங்கினால் ஒன்றை மறக்கவே கூடாது: ஒரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்-இன் வயரை இன்னொன்றில் சொருகாதீர்கள். போர்டு பக்கத்து முனைக்குத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குக் கிடையாது. சரியாகப் பொருந்துவது போல உள்ளே போகும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய் டிஸ்க்கைப் பொசுக்கிவிடும். ஆய்வகப் பழக்கத்தில் எஸ்எம்பிஎஸ்-ஐத் திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். பிளெண்டரில் சைக்கிள்ஸ் ரெண்டரை (காட்சியைப் படமாக்கும் வேலை) கிராபிக்ஸ் கார்டில் ஓட்டினால்தான் நேரம் மிச்சமாகும். என்விடியா கார்டில் ஆப்டிக்ஸ் என்ற தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கார்டின் வேகத்தைவிட அதன் மெமரிதான் முதலில் கையைக் கட்டும். காட்சியில் இருக்கும் மெஷ் (உருவங்களின் வலை), டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) எல்லாம் கார்டின் மெமரிக்குள் அடங்க வேண்டும். 8 ஜிபி கார்டில் சின்னக் காட்சி ஓடும். உங்கள் புலக்கோடு அனிமேஷன் பெரிதாகப் பெரிதாக அது போதாது. 16 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட் கார்டு. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் வருகிறது, பில்லில் 16 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ரெடிமேட் சிஸ்டங்களில் நான் அடிக்கடி காணும் குறை இதுதான். பிராசசர் பெயர் பெரிதாக இருக்கும், கார்டும் ரேமும் அதற்கு எட்டாமல் இருக்கும், ஏனென்றால் வாங்குபவர் முதலில் படிப்பது பிராசசர் பெயரை.

பிராசசருக்கு ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) ரைசன் 7 7700 போதும். 8 கோர், 65 வாட் டிடிபி (கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்ப அளவு), கூலர் பெட்டியிலேயே வரும், சின்ன கிராபிக்ஸும் உள்ளேயே உண்டு. கார்டு பழுதானாலும் டிஸ்பிளே பார்க்கலாம் என்பது தனியாளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று பழுது வரும்போது புரியும். ஏஎம்5-ஐச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. இதற்கு முந்தைய ஏஎம்4-இல் 2017-இல் முதல் ரைசன் வந்தது. 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யையும் அதே சாக்கெட்டில் போட முடிந்தது. பயாஸை (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்து, பழைய போர்டிலேயே பிராசசரை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். ஏஎம்5 2022-இல் தொடங்கியது, 2024-இல் வந்த 9000 வரிசையும் அதிலேயே உட்கார்ந்தது. பல வருடம் ஓட வேண்டும் என்று கேட்டீர்கள், அதற்கு இந்த வழி நல்லது.

ரேம் 32 ஜிபி, 16 + 16 என்று இரண்டு குச்சியாக. பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பிறகு வாங்கிச் சேர்த்து நான்கு குச்சி ஆக்கலாம் என்று நினைத்து 8 + 8 வாங்க வேண்டாம். இந்தப் பிராசசரில் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 5200, நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடும். விலை ஏறியிருக்கிற இந்த நேரத்தில் 32 கைக்கு எட்டவில்லை என்றால், ஒரே 16 ஜிபி குச்சி இப்போது, அதே மாடலில் இன்னொன்று பிறகு என்று போகலாம். சிறந்த வழி இல்லைதான், ஆனால் வேலை நிற்காது.

வாரண்டி பற்றி சர்வர்அறைக்கு ஒரு வார்த்தை. 2024-இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் வோல்டேஜ் கோளாறால் தடுமாறியபோது, தீர்வு மைக்ரோகோடாக (பிராசசரின் உள் நிரல்) பயாஸ் வழியே வந்தது. தனியாக போர்டு வாங்கியவர்கள் போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டார்கள். ரெடிமேட் வைத்திருந்தவர்கள் சிஸ்டம் விற்ற கம்பெனி தன் பயாஸை வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் பொறுப்பு இருப்பதில் நிம்மதி உண்டு. அந்த ஓரிடம் கதவைச் சாத்தினால் வேறு கதவு இல்லை என்பதும் உண்டு.

பூட்டுவதற்கு சால்டரிங்கே தேவையில்லை, நிதானம் இருந்தால் போதும். ஒரு நட்சத்திரத் திருப்புளி, நல்ல வெளிச்சம். ஏஎம்5-இல் ஊசிகள் போர்டில் இருக்கின்றன, பிராசசரில் இல்லை. முக்கோணக் குறியைப் பொருத்தி மெதுவாக வைத்தால் தானே உட்காரும், அழுத்தக் கூடாது. லீவரை மூடும்போது கொஞ்சம் இறுகும், பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து விழும், பயப்பட வேண்டாம். கேபினெட்டுக்குள் இறக்கும் முன், போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம் மட்டும் போட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். முதல் முறை திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ரேமோடு போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. பலர் அந்த நேரத்தில்தான் பதறி ஆஃப் செய்கிறார்கள். டிஸ்பிளே வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்போ-வை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரேம் அதன் அடிப்படை வேகத்திலேயே காலம் தள்ளும்.

பழையபெட்டி

திருப்புளி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா ஆசிரியர் முழுசா மாத்த காசு சேர்க்கிற வரைக்கும் ஒரு வழி இருக்கு. கார்டு சொருகுற பிசிஐஇ ஸ்லாட்டே 75 வாட் கொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050-ல 6 ஜிபி மாடல் 70 வாட்தான், தனி பவர் வயர் கேட்காத கார்டா பார்த்து வாங்கினா அந்த டவர்லயே போட்டுக்கலாம். நான் இப்படி ஒரு பழைய ஆபீஸ் டவர்லதான் எடிட் பண்றேன். அப்புறம் புது சிஸ்டம் வந்ததும் கார்டை அதுல மாத்திக்கலாமே?

திருப்புளி

செய்யலாம் தம்பி, நல்ல யோசனைதான். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். ஆனால் ஆசிரியரிடம் இருப்பது 8 ஜிபி ரேம். பிளெண்டர் அங்கேயே மூச்சு வாங்கும், அப்புறம் அதற்கும் ரேம் வாங்க வேண்டிவரும். பழைய மெஷினுக்கு வாங்கிய ரேம் புதியதில் சேராது, டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் பள்ளமே வேறு இடத்தில் இருக்கிறது. அவருக்கு இரண்டு செலவு வேண்டாம் என்பது என் எண்ணம். அந்த டவரில் லினக்ஸ் போட்டு மாணவர்களுக்குக் கொடுத்தால் இன்னும் சில காலம் உழைக்கும்.

கரும்பலகை

இவ்வளவு விரிவாகச் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நானே பூட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு யோசனையும் வருகிறது: பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வைத்துப் பூட்டினால் என்ன? எஸ்எம்பிஎஸ் பாடத்தை நீங்கள் எழுதியதையே வைத்து நடத்தலாம் போலிருக்கிறது.

இரண்டு சந்தேகம். பிள்ளைகள் நடுவே திறந்து வைத்துச் செய்தால் ஸ்டேடிக் மின்சாரத்தால் பாதிப்பு வருமா? பழைய டவரின் எஸ்எஸ்டி-யை எடுத்துப் புதியதில் போட்டால் விண்டோஸ் அப்படியே ஓடுமா?

சர்வர்அறை

நல்ல முடிவு சார். அப்படியே ஒண்ணு செய்யுங்க: ஒவ்வொரு பாகத்தோட பில்லையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டர்ல வைங்க. பெட்டிகளையும் வாரண்டி முடியிற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க. நான் சொன்ன சிரமத்துல பெரும்பகுதி இதுல குறைஞ்சிடும்.

திருப்புளி

சார், தாராளமாகப் பிள்ளைகள் முன்னால் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ்-ஐ கேபினெட்டில் பூட்டி, சுவிட்சை ஆஃபில் வைத்து, எர்த் உள்ள பிளக்கில் சொருகி வையுங்கள். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொண்டால் உங்கள் உடம்பில் இருக்கும் சார்ஜ் இறங்கிவிடும். பாகங்களைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுப்பதானால் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிராசசர் சாக்கெட்டை மட்டும் யாரும் விரலால் தொட வேண்டாம், ஊசி வளைந்தால் வாரண்டி கிடைப்பது கடினம்.

எஸ்எஸ்டி-யை மாற்றிப் போட்டால் விண்டோஸ் பல சமயம் எழுந்துவிடும், ஆனாலும் புதிதாக நிறுவுவதையே சொல்வேன். பிராண்டட் டவரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த போர்டோடு கட்டுப்பட்டது, புதிய போர்டுக்கு வராது. பாட வீடியோ ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் பழைய சிஸ்டத்தில் செட்டிங்ஸைத் திறந்து பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் திருப்புளியைக் கையில் எடுங்கள்.